ஆயுத பூஜைக்குக் கழுவிய இரும்பு

சிங்கப்பூர் போய் வந்தேன் என்று சொன்னால் கும்மிடிப்பூண்டியில் முதலில் கேட்பது, தைலம் வாங்கி வந்தாயா என்றுதான். ஒரே ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். அதுவும் என் வீட்டுக்கு இல்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேர் ஏழுமலை. வீடு பொன்னேரியில், வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில். வெல்டர். வெளிநாடு போகவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை. எங்கள் ஷெட்டில் செய்த ஒரு வீடு போனது, அதன் பின்னால் நானும் போனேன்.

குடியிருக்கும் வீடு இல்லை, நாடக வீடு. யூதர்களைப் பற்றிய பாட்டு நாடகமாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் போட்டுப் பேர் வாங்கியது. இப்போது புது ஆட்களை வைத்து மறுபடி எடுத்து நாடு நாடாகக் கொண்டு போகிறார்கள். கீழே ரொட்டிக் கடை, மேலே குடும்பம் இருக்கும் மாடி, தெருவைப் பார்த்து நீளமாக ஒரு பால்கனி. உள்ளே இரும்புச் சட்டம், வெளியே மரப்பலகை. கழற்றி கண்டெய்னரில் அடுக்கலாம், போன இடத்தில் போல்ட் போட்டு நிறுத்தலாம். அந்த ஆர்டர் எங்கள் முதலாளிக்கு எப்படியோ வந்தது. முதல் ஊர் சிங்கப்பூர். நிறுத்திக் காட்ட இரண்டு ஆள் வேண்டும் என்றார்கள். நானும் பஷீர் பாயும் போனோம்.

பஷீர் பாய் ஃபிட்டர். பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பமே வியாபாரக் குடும்பம், இவர் ஒருவர்தான் ஸ்பானர் பிடித்தவர். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பார். நான் விமானத்தில் உட்கார்ந்ததும் வீட்டில் கேஸை மூடினார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து சீட்டு அம்மாவிடம் என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

“இவன் பொன்னேரில ஊட்ட பூட்டிக்கினு வந்து, கும்மிடிப்பூண்டில எறங்கி, அடுத்த வண்டில திரும்பிப் போய் பூட்ட இழுத்துப் பாத்தவன்மா.”

உண்மைதான். மூன்று தடவை நடந்திருக்கிறது.

முதல் நாள், தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் ஒரு கடைக்கு மேலே அறை கொடுத்தார்கள். கீழே இறங்கினால் நம் ஊர் முகங்கள், மல்லிகைப்பூ, பாத்திரக்கடை. நாஷ்டாவுக்கு இட்லி கிடைத்தது. சாம்பார் தித்தித்தது. பாய் கடைக்காரரிடம் இது சாம்பாரா பாயசமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். தெருவில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டைக் கீழே போட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வந்த அன்று வாங்கிய டிக்கெட்டை ஊர் திரும்பும்வரை சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். குப்பைத்தொட்டி பத்தடிக்கு ஒன்று இருந்தது. அதில் போடலாமா என்பதும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டாம் நாள் தியேட்டர். உள்ளே குளிர் எப்படி என்றால், பழவேற்காட்டில் மீன் லாரிக்கு ஐஸ் உடைக்கிற கொட்டகையில் நிற்பதுபோல. எங்களோடு பேச பரிமளா என்று ஒரு பெண் வந்தாள். மேடைக்குப் பின்னால் வேலை செய்பவள். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவள் தமிழை நானும் என் தமிழை அவளும் புரிந்துகொள்ள அரை நாள் ஆனது. ஆனால் கதையை அவள்தான் சொன்னாள்.

குளிர் தேசத்தில் யூதர்கள் இருக்கும் ஒரு தெரு. ரொட்டிக் கடை வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி. அவர்கள் மகளுக்குக் கல்யாணம். பதினொரு பேர் பால்கனியில் ஏறி ஆடுகிறார்கள். அந்த ஆட்டம் முடியும்போது அரசாங்க ஆள் வந்து, எல்லாரும் ஊரைக் காலி செய்யவேண்டும் என்று ஓலை வாசிக்கிறான். ஏன் என்று கேட்டேன். யூதர்களாக இருப்பதால் என்றாள். வேறு காரணம் ஏதாவது இருக்கும் என்று நான் காத்திருந்தேன். இல்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வேலையை நிறுத்திவிடுவார்களாம். சனிக்கிழமை அடுப்பு எரியாது, கருவியைத் தொடமாட்டார்கள். “அப்ப வாராவாரம் ஆயுத பூஜன்னு சொல்லு” என்றார் பாய்.

கடைக்காரராக நடிக்கும் பெரியவர் ஜேக்கப். அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே யூதர் அவர் ஒருவர்தான் என்றாள் பரிமளா. அவருக்கும் பன்றி ஆகாது என்று தெரிந்ததும் பாய் அவரைக் கையைப் பிடித்து தேக்காவில் ஒரு முஸ்லிம் கடைக்கு அழைத்துப் போனார். அவர்கள் முறைப்படி அறுத்ததில்லை என்று பெரியவர் ஆட்டுக்கறியையும் தொடவில்லை. முட்டை, ரொட்டி, வாழைப்பழம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மூன்றாம் நாள் வீடு நின்றுவிட்டது. பலகை அடித்து வர்ணம் பூசியதும் எனக்கே நம்பமுடியவில்லை. ஜேக்கப் பரிமளாவோடு வந்து வாசல் நிலையைக் காட்டி, அவள் தமிழில் எடுத்துச் சொல்ல, அதில் ஒரு சின்னப் பெட்டி மாட்டவேண்டும், இரண்டு துளை போடு என்றார். விரல் நீளப் பெட்டி. உள்ளே அவர்கள் சாமி வசனம் எழுதிய தோல் சுருள் இருக்குமாம். வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். நான் ரசமட்டம் வைத்து நேராகக் குறித்தேன். அவர் சிரித்து, அப்படி இல்லை, சாய்வாக இருக்கவேண்டும் என்று சொல்லி, மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்து துளை வரவேண்டிய இடத்தில் வட்டம் போட்டார். ஒன்று. அதற்கு மேலே சாய்வாக இன்னொன்று.

இரண்டு வட்டம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது எங்கே என்று எனக்குள் யாரோ கேட்டதுபோல இருந்தது.

எங்கள் ஷெட்டில் வேலையைப் பரிசோதிப்பவர் ரெட்டி சார். ஆரம்பாக்கத்துக்காரர். சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பிடிக்காத இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்த வெல்டிங்கைக் கிண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கவேண்டும். பால்கனியைத் தாங்க சுவரிலிருந்து பன்னிரண்டு பிராக்கெட் வருகிறது. அதில் மூன்றில் வட்டம் போட்டார். மின்வெட்டு ஆரம்பித்த வருஷம் அது. இரண்டை அடித்து முடித்தேன், கரண்ட் போய்விட்டது. மிச்சம் பூஜை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஷெட்டில் ஒரு தூசி இருக்கக்கூடாது. மெஷின், சுத்தியல், செய்து வைத்த சரக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சந்தனம் குங்குமம் வைப்போம். வீட்டு ஆட்களும் வருவார்கள். என் மனைவியும் மகளும் புதுத்துணியில் வந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு தூண் தூணாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். பிராக்கெட்டில் ஒரு சாக்பீஸ் வட்டம் இருந்தது. காட்டன் வேஸ்டால் துடைத்துவிட்டு, வட்டம் இருந்த இடத்தில் நடுவாக ஒரு பொட்டு வைத்தேன். நெற்றி மாதிரி இருந்தது. பிறகு மகளைத் தூக்கி பால்கனியில் நிறுத்தினேன். அவள் மேலே நின்று கை ஆட்டினாள். பொரி கடலை தின்றோம். பூஜை முடிந்த மறுநாள் பெயிண்டர் வந்து கறுப்பு அடித்துவிட்டுப் போனான். வட்டம் என் ஞாபகத்திலிருந்தும் போய்விட்டது.

துளை போடாமல் நின்ற என்னை ஜேக்கப் தோளில் தட்டினார். போட்டுக் கொடுத்தேன். சாய்வாகத்தான்.

சாயந்திரம் பாயிடம் சொன்னேன். கேஸ் மூடுன கதைதானே இது என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் ஆயுசில் நான் பயந்தது எதுவும் நடந்ததில்லை. டெலிபோன் கார்டு வாங்கி ரெட்டி சாருக்குப் போட்டு வட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

“பிராக்கெட்ல மூணு போட்டேன் நைனா” என்றார். “அடிச்சிட்டதான?”

ரெண்டு, என்றேன்.

கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. எந்த பிராக்கெட் என்று கேட்டேன். ஞாபகம் இல்லை, உள்ளே கசடு நின்ற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். கையெழுத்து போட்டு அனுப்பிவிட்டேனே என்றார். பிறகு, “சொல்லிடு நைனா. புள்ளைங்க ஆடுற எடம்” என்றார். அப்புறம், மறந்துபோனதை ஞாபகப்படுத்துவதுபோல, வரும்போது முட்டி வலிக்கு ஒரு தைலம் வாங்கிவரச் சொல்லி வைத்துவிட்டார்.

பாய் எனக்குத் தெரியாமல் முதலாளிக்குப் போன் போட்டிருந்தார். முதலாளி சொன்னது: முதல் ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்காதே, அடுத்த ஊரில் சத்தமில்லாமல் அடித்துக்கொள்ளலாம், அவனுக்கு எப்போதும் பயம்தான். பாய் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. “ரெட்டிகாரு வேலையும் போவும், உன் வேலையும் போவும். இத்தினி நாளு நிக்கிலியா? நின்னுக்கினுதான இருக்குது” என்றார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் பால்கனி ஆட்டத்தின் ஒத்திகை. சொல்வதா வேண்டாமா என்று முடிவில்லாமலே ரயிலில் ஏறினேன். எங்கள் ஸ்டேஷன் வந்தது. பாய் இறங்கிவிட்டார். நான் முன்னால் நின்ற இரண்டு பேருக்கு வழி விட்டு நின்றேன். கதவு மூடிக்கொண்டது.

நம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் கதவை யாரும் மூடிப் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்தாலும் குதித்துவிடலாம். இங்கே கண்ணாடிக்கு வெளியே பாய் வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்வண்டி என்று நினைத்து ஏறினேன். அது வேறு தடம். கடைசி ஸ்டேஷன்வரை போய்விட்டது. வெளியே அடுக்குமாடியாக நின்றது, ஒரே மாதிரி, நம்பர் மட்டும் வேறு. ஒரு சீனக் கிழவி என்னைப் பார்த்து என்னமோ கேட்டாள். தியேட்டர் பேர் எழுதிய அட்டையைக் காட்டினேன். சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு வண்டிக்குள் தள்ளி, ஐந்து விரலைக் காட்டி, கதவு மூடும்வரை நின்றாள். ஐந்தாவது ஸ்டேஷன்.

வண்டியில் என்னோடு பேச யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாரும் இல்லை. மூன்றாவது ஸ்டேஷன் வந்தபோது, சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது.

போய்ச் சேரும்போது பத்தரை. மேளமும் குழலும் கேட்டது. பதினொரு பேரும் மேலே இருந்தார்கள். கையைக் கோத்துக்கொண்டு குதிக்கிறார்கள். வெள்ளைச் சீலை போட்ட கல்யாணப்பெண் நடுவில். நான் செருப்போடு மேடையில் ஏறி, கீழே நின்று, இறங்குங்க, இறங்குங்க என்று தமிழில் கத்தினேன். மேளம் நின்றது. பரிமளா ஓடிவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அவள் இங்கிலீஷில் நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மேடைப் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். எந்த இடம் என்று கேட்டாள். பன்னிரண்டும் ஒரே கறுப்பு. ஏணி போட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாரும் கீழே அண்ணாந்து நின்றார்கள். ஏழாவது வரைக்கும் ஒன்றுமில்லை. இதுவும் பூட்டை இழுத்துப் பார்த்த கதையாகிவிடுமோ என்று ஒரு பக்கம், ஆகிவிடவேண்டும் என்று ஒரு பக்கம்.

ஒன்பதாவதில் காலணா அளவுக்குப் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தது. சந்தனத்தின் மேல் அடித்த பெயிண்ட் பிடிக்காது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக வந்தது, நடுவில் சிவப்பு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். பொட்டுக்கு நடுவே வெல்டிங்கில் ஒரு விரிசல் ஓடியது. நூல் கனம். அதற்கு நேர் மேலேதான் அன்று என் மகளை நிறுத்தியிருந்தேன்.

ஜேக்கப் என் விரலைப் பிடித்துப் பார்த்து, இந்த மஞ்சள் என்ன என்று கேட்டார். பரிமளா ஆயுத பூஜையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. போய் வாசல் பெட்டியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

தியேட்டருக்குள் நெருப்பு வைக்க அனுமதி கிடையாது, வெல்டிங் அடிக்க முடியாது. முதல் ஆட்டம் மறுநாள். பால்கனிப் படியில் கயிறு கட்டி மூடினார்கள். அந்த அம்மாள் ஒரு தாளை நிரப்பினாள். தப்பு என்னுடையது, என் பேரை எழுதுங்கள் என்று பரிமளாவிடம் சொன்னேன். வெல்டர் பேர் எழுத இதில் இடமே இல்லை என்றாள். பரிசோதித்தவர் பேருக்கு மட்டும் ஒரு கட்டம் இருந்தது. சரக்கோடு வந்த தாளிலிருந்த ரெட்டி சாரின் கையெழுத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக அதை நிரப்பினார்கள். பாய் என் பக்கத்தில் நின்று பார்த்தார். வெளியே வந்து இரண்டு டீ வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் நாடகத்தை மேடை ஓரத்தில் நின்று பார்த்தோம். கல்யாண ஆட்டத்தைத் தரையிலேயே ஆடினார்கள். காலியான பால்கனிக்குக் கீழே. பார்க்க வந்தவர்களுக்கு அது அப்படித்தான் என்று தோன்றியிருக்கும், கை தட்டினார்கள்.

கடைசிக் காட்சியில் ஓலை வந்துவிட்டது. தெரு முழுக்க மூட்டை கட்டுகிறார்கள். ரொட்டிக்காரப் பெண்டாட்டி பிசைந்து புளிக்க வைத்த மாவைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள், எந்த இடத்தில் நிற்கிறோமோ அங்கே சுட்டுக்கொள்ளலாம் என்று. ஜேக்கப் எல்லாரும் போனபின் வாசலுக்கு வந்தார். நிலையிலிருந்த பெட்டியைக் கழற்றி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார். விளக்கு எல்லாம் அணைந்து நிலையின் மேல் மட்டும் ஒன்று எரிந்தது. நான் போட்ட இரண்டு துளை தெரிந்தது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் தேர்வாய் கண்டிகைப் பக்கம். அங்கே மாடு மேய்கிற நிலத்தில் புதிதாகத் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு. என் மாமனார் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நல்லதுதானே மாமா, வேலை வரும் என்று நான்தான் எப்போதும் சொல்வேன். மேடை ஓரத்தில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏசி கண்ணு எரியுது என்றார்.

மறுநாள் எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் புதிதாக இருந்தது தைலம் மட்டும்தான்.

நாங்கள் வருவதற்கு முன்பே ரெட்டி சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் முதலாளி. தியேட்டரிலிருந்து போன் வந்த அன்றைக்கே. மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் கிளம்பச் சொன்னாராம். என்னை நிறுத்தவில்லை. நான் காரணம் கேட்டேன். நல்ல வெல்டர் கிடைப்பது கஷ்டம் என்றார். தப்பு பண்ணியது நான் என்றேன். தாளில் உன் பேர் இல்லையே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். ரெட்டி சார் வீட்டு கேட்டில் ஒரு கீல் விட்டுப்போய்க் கம்பியால் கட்டியிருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டிலை வாங்கி அப்போதே திறந்து முட்டியில் தேய்த்தார். வாசனை தெருவரைக்கும் போனது. சிங்கப்பூர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். சாம்பார் தித்திப்பு என்றேன். பன்னிரண்டில் எது என்றார். ஒன்பது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

என்னைத் திட்டுங்க சார் என்றேன்.

“உன் மேல இன்னா கோவம்” என்றார். “மத்தவன் எவன் அடிச்சாலும் ரெண்டாந்தபா தட்டிப் பாத்துட்டுதான் கையெழுத்து போடுவேன். நீ பயந்தவன். பயந்தவன் வுடமாட்டான்னு, உனுக்கு வட்டம் போட்டா திரும்பிப் போய்ப் பாத்ததே இல்ல. பன்னெண்டு வருசமா.”

அந்தப் பூஜை நாள் ஒன்றுதான் நான் எதற்கும் பயப்படாமல் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பஷீர் பாயின் டெம்போவில் வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டின் கீலைக் கிண்டி எடுத்துப் புதிதாக அடித்தேன். ரெட்டி சார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். சின்னச் சுத்தியலோடு வந்தார். நான் அடித்த இடத்தில் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. நான் முகமூடியைத் தூக்காமல் நின்றேன். அவர் மறுபடி முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.